டெக்சஸில் கழன்ற வளையங்கள்

டாலஸ் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சோறு வைக்கும் மரப்பாத்திரங்கள் ஏன் கழன்று விழுகின்றன என்று பார்க்க ஜப்பானிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். உண்மை இவ்வளவு அபத்தமாக ஒலிக்கும் என்று அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆறரை அடி உயர மனிதர் என்னை நிதானமாகப் பார்த்தார். "இந்த வேலையில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன், இதை யாரும் சொன்னதில்லை. உங்கள் பாத்திரங்கள் நலமடையட்டும்" என்று சொல்லி முத்திரை குத்தினார். டெக்சஸ்காரர்கள் எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனார்கள்.

நான் தேனிக்காரி. பதினொரு வருடமாக ஜப்பானின் நாகானோ மலைகளுக்குள் ஒரு சிறு கிராமத்தில் குடியிருக்கிறேன். கணவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. பனி வாரும் கருவிகள் கிடந்த அறையைக் காலி செய்து, அதிலிருந்து ஓர் இணையக் கடை நடத்துகிறேன். அக்கம்பக்கத்து மலைக் கிராமங்களில் செய்யும் மூங்கில் கூடை, கையால் நெய்த துணி, காகித விளக்கு எல்லாம் உண்டு. ஆனால் கடைக்கு ஆள் வருவது ஒரே பொருளுக்காக. ஓஹிட்ஸு என்று பெயர். வடித்த சோற்றை மாற்றி வைக்கும், மூடி போட்ட மரப்பாத்திரம். மரப்பலகையில் அறுத்த பட்டைகளை வட்டமாக நிறுத்தி இரண்டு செப்பு வளையங்களால் இறுக்கியிருப்பார்கள். சோற்றின் ஈரத்தை மரம் குடித்துப் பருக்கும், வளையம் இறுகும். மரம் காய்ந்தால் சுருங்கும், வளையம் கழன்றுவிடும்.

இதைச் செய்பவர் நத்சுகோ என்ற பெண்மணி. எங்கள் கிராமத்துப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தார். இப்போது இரண்டு வருடத்துக்கு ஆர்டர் நிரம்பிக் கிடக்கிறது. அவருக்கு என் கடை தேவையே இல்லை. எனக்குத்தான் அவர் வேண்டும். ஓஹிட்ஸுவைப் பார்க்க வருகிறவர்கள்தான் கூடையையும் துணியையும் வாங்குகிறார்கள். அவர் கையை விரித்தால் நான் மறுபடியும் பனி வாரும் கருவிகளை அந்த அறையில் அடுக்க வேண்டியதுதான்.

சென்ற வருடம் டாலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐந்து பாத்திரங்கள் போயின. இந்தக் குளிர்காலத்தில் நான்கு வீடுகளிலிருந்து வரிசையாகப் புகைப்படம் வந்தது. எல்லாவற்றிலும் வளையம் கீழே, பட்டைகள் தனித்தனியாக. ஐந்தாவது வீட்டிலிருந்து பேச்சு மூச்சே இல்லை. நத்சுகோ படங்களைப் பார்த்துவிட்டு, அந்த ஊர்க் காற்றுக்கு என் பாத்திரம் ஆகாது, இனி அமெரிக்காவுக்குக் கிடையாது என்றார். என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில். நான் நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று மன்றாடினேன். கைக்கடிகாரம் அளவுள்ள ஈரப்பதமானி ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் அளந்து அனுப்பு என்றார். காற்றின் மேல் தப்பு என்றாலும் நிறுத்துவாராம், அவர் வேலையில் தப்பு என்றாலும் நிறுத்துவாராம். இரண்டும் இல்லாவிட்டால் என்று கேட்டேன். அவர் இழைப்புளியை எடுத்து இழைக்கத் தொடங்கிவிட்டார்.

விமான நிலையத்துக்குக் கவிதா வந்திருந்தாள். கோயம்புத்தூர் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, இப்போது டாலஸ் பக்கத்து ஆலனில் வீடு. தன் வாட்ஸ்அப் குழுவில் பெருமையடித்து ஐந்தையும் விற்றுக் கொடுத்தவள் அவள்தான். அவளே முதல் வாடிக்கையாளரும்கூட. அவள் வண்டி ஒரு பாலத்தில் ஏறியது. அதற்கு மேலே ஒரு பாலம், அதற்கும் மேலே ஒன்று, எல்லாவற்றையும் தாண்டி ஒன்று வளைந்து ஆகாயத்துக்குப் போனது. நாங்கள் போனது அந்த உச்சியில். எங்கள் மலைச்சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால், ஒருவர் பின்னால் போய் ஒதுங்கி, இருவரும் தலை வணங்கி, அதன் பிறகுதான் நகர முடியும். இங்கே யாரும் யாருக்கும் ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு இடம் கொட்டிக் கிடக்கிறது.

சாலையைவிட வானம் என்னை அசத்தியது. மலைகளுக்கு நடுவே இருப்பவளுக்கு வானம் என்பது தலைக்கு மேல் ஒரு துண்டுதான். இங்கே நாலு பக்கமும் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. என்னடி அப்படிப் பார்க்கிறாய் என்று கவிதா கேட்டாள். வானத்தை என்றேன். நாங்கள் டிராஃபிக்கைத்தான் பார்ப்போம் என்றாள்.

வீட்டுக்குள் நுழையக் கதவின் பிடியைத் தொட்டதும் சுரீரென்று மின்சாரம் அடித்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீடுகளில் அப்படித்தான் என்றார்கள். அன்று மாலைக்குள் கதவு, குழாய், கவிதாவின் கை, அவள் வீட்டுப் பூனை எல்லாம் என்னை அடித்துவிட்டன. வரவேற்பறையில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி. அதில் குத்துவிளக்கு, கொலு பொம்மைகள், மகள் நீச்சலில் வாங்கிய கோப்பைகள். நடுத்தட்டில், தனியாக ஒரு விளக்கு போட்டு, எங்கள் ஓஹிட்ஸு. வளையங்கள் இரண்டும் அதன் காலடியில் கிடந்தன. மரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

"இதுல சோறு வெச்சியா?" என்றேன்.

"சோறா? இவ்ளோ அழகா இருக்கு, இதுல போய் யாராவது சோறு வைப்பாங்களா?"

ஈரப்பதமானி இருபத்தெட்டு சதவீதம் காட்டியது. நத்சுகோவின் பட்டறையில் அறுபதுக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. எண்ணை அனுப்பினேன். 'காற்று' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

மறுநாள் கவிதா அலுவலகம் போனதும், அடுத்த வாடிக்கையாளர் வீடு ஒன்றரை மைல்தானே என்று நடந்தே கிளம்பினேன். ஆலனில் நான் செய்த பெரிய தவறு அதுதான். சாலையில் மனிதர் நடக்க இடம் இருந்தது, மனிதர்தான் இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு லாரியில் பாதி இருக்கும் பிக்கப் வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. நரைத்த பின்னலோடு ஒரு பெண் எட்டிப் பார்த்து, வண்டி நின்றுவிட்டதா, நாய் காணாமல் போய்விட்டதா என்று கேட்டார். வெறுமனே நடக்கிறேன் என்றால் நம்பவில்லை. ஏறிக்கொள் என்றார். கொலாச்சி என்று ஒரு பன், நடுவே ஆப்ரிகாட் பழக்கூழ். காகிதப் பையிலிருந்து சுடச்சுட எடுத்துக் கொடுத்தார். அவர் கொள்ளுத்தாத்தா காலத்தில் செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பலகாரமாம். யாரென்றே தெரியாத என்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டு, இன்னொரு பன்னையும் கையில் திணித்துவிட்டுப் போனார். ஜப்பானில் என் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் காப்பிக்கு அழைக்க நான்கு வருடம் ஆயிற்று.

அது சுந்தரம் அங்கிள் வீடு. பணி ஓய்வு பெற்று மகனோடு இருக்கிறார். பாத்திரம் பூஜை அறையில் இருந்தது. மஞ்சள் குங்குமம் இட்டு, உள்ளே பச்சரிசி நிரப்பி, மேலே ஒரு ரோஜாவும் வைத்திருந்தார்கள். சோறு என்று நாங்கள் சொன்னது அன்னபூரணிக்கு என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். ஈரம் கொடுக்க வேண்டிய பாத்திரத்தில் ஈரத்தை உறிஞ்சும் பச்சரிசி! ஒரு வெள்ளிக்கிழமை முதல் வளையம் விழுந்திருக்கிறது. பயந்துபோய் மயிலாப்பூர் ஜோசியருக்குப் போன் செய்திருக்கிறார். பக்கத்தில் தினமும் நெய்விளக்கு ஏற்றுங்கள் என்று அவர் பரிகாரம் சொல்ல, ஏற்றியதில் மிச்ச ஈரமும் போய், இரண்டாவது வளையமும் விழுந்துவிட்டது.

"அபசகுனம் ஒண்ணும் இல்லியே மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை அங்கிள், ஹீட்டர்தான் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அப்பவே சொன்னேன் என்றார் அவர் மனைவி. ஈரப்பதமானி முப்பது காட்டியது. நத்சுகோவிடமிருந்து மறுபடியும் அதே ஒற்றைச் சொல்.

மூன்றாம் நாள் கவிதாவின் சின்ன வண்டியை வாங்கிக்கொண்டு நானே பக்கத்து ஊரான பிளானோவுக்கு ஓட்டினேன். ஊரிலும் சரி ஜப்பானிலும் சரி, இடப்பக்கம் ஓட்டிப் பழகியவள். திரும்பும்போதெல்லாம் சிக்னல் விளக்குக்குப் பதில் வைப்பரைப் போட்டேன். வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனேன். டோல்வேயில் சுங்கச்சாவடி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் இறங்கும் வழியைக் கோட்டைவிட்டேன். சாவடியே கிடையாதாம், மேலே இருக்கும் கேமரா நம்பரைப் பிடித்துக்கொள்ளுமாம். நான் போக வேண்டிய வீட்டின் கூரை சாலையிலிருந்து தெரிந்தது. அதை அடைய இன்னும் அரைமணி நேரம் ஆயிற்று.

அங்கே தீபா என்றொரு பெண். பாத்திரத்தைத் துணி அலமாரியின் மேல்தட்டில், நாங்கள் சுற்றிய தாளோடு வைத்திருந்தாள். நேர் மேலே ஹீட்டரின் காற்றுத் துளை. அம்மா விசா கிடைத்து வந்ததும் எடுக்கலாம் என்றிருந்தாளாம். தாளைப் பிரித்ததும் பட்டைகள் சரிந்தன. ஈரப்பதமானி இருபத்தொன்பது காட்டியது. மன்னிச்சிருங்கக்கா என்று அவள் கண் கலங்கியதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான்காவது வீட்டில்தான் தெரிந்தது.

அந்த வீட்டில் கதவைத் திறந்தது ஏழு வயதுப் பெண். அம்மா ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருக்கிறார், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஓஹிட்ஸு மாடிப்படி வளைவில் ஒரு பீடத்தின் மேல், உதிர்ந்த நிலையிலேயே, அருங்காட்சியகப் பொருள் மாதிரி இருந்தது. நான் கையை நீட்டியதும் தடுத்தாள். "தொடக் கூடாது. ரூல்ஸ் இருக்கு" என்று ஓடிப்போய் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த அட்டையை எடுத்துவந்து, பள்ளியில் வாசிப்பதுபோல நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் படித்தாள்.

'தலைமுறைகளைத் தாண்டும் பொக்கிஷம் உங்கள் இல்லத்துக்கு வந்திருக்கிறது. வெயிலில் வைக்காதீர்கள். சோப்பு போடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். குளிரில் வைக்காதீர்கள். கறை படியவிடாதீர்கள். கீறல் விழவிடாதீர்கள்.' இன்னும் ஐந்து காதீர்கள். எல்லாம் நான் எழுதியது. இரவு பகலாக உட்கார்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும், எவ்வளவு உசத்தியான பொருள் என்று அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று தவித்துத் தவித்து எழுதிய அட்டை. பதினொரு காதீர்கள் இருந்தன, சூடாகச் சோற்றைப் போட்டுத் தினமும் சாப்பிடுங்கள் என்று ஒரு வரி இல்லை. ரிமோட்டுக்கே பாலிதீன் உறை போடும் நம் ஆட்களிடம் பொக்கிஷம் என்று எழுதிக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? நான் சொன்னதைத்தான் நான்கு வீடுகளும் அட்சரம் பிசகாமல் செய்திருந்தன. அந்தக் குழந்தையின் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

நத்சுகோவுக்கு இருபத்தேழு என்ற எண்ணை மட்டும் அனுப்பினேன். அட்டையைப் பற்றி எழுதக் கை வரவில்லை. என் தப்பு என்று ஒப்புக்கொண்டாலும் காற்று இருபத்தேழுதானே, நனைத்து வைத்திருந்தாலும் இந்தக் காற்றில் தாங்கியிருக்குமா என்றுதான் அவர் கேட்பார். திங்கட்கிழமை முடிவைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது வீடு மிச்சமிருந்தது. பிளானோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஸ்டெல்லா என்ற பெயரில் ஆர்டர் வந்திருந்தது. என் செய்திகள் எதற்கும் பதில் போடாதவர், கடைசியில் 'சர்ச் முடிஞ்சு வா' என்று மட்டும் அனுப்பியிருந்தார். நான் கெட்ட செய்திக்குத் தயாராகத்தான் போனேன். நாகர்கோவில்காரர், மருத்துவமனையில் நர்ஸ், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கதவைத் திறந்ததும் ஆப்பத்தின் வாசனை என் காலைக் கட்டிப்போட்டது.

"வா மக்களே. நீ மெசேஜ் போட்டதும் பயந்துட்டேன் கேட்டியா. பாத்திரத்த திருப்பிக் கேப்பியோன்னு நெனச்சேன்."

சமையல் மேடையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ஓஹிட்ஸு. விளிம்பெல்லாம் வெள்ளையாக மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே புளித்த வாசனை. ஒரு பக்கம் கைப்பிடி அகலத்துக்குக் கருகிப்போயிருந்தது. வளையத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. முழு பலத்தோடு அழுத்தினேன். மரத்தோடு மரமாக இறுகியிருந்தது. விரலால் தட்டினேன்; நத்சுகோவின் பட்டறையில் அன்றன்று செய்து முடித்த பாத்திரம் கொடுக்கும் அதே கனத்த ஒலி. ஈரப்பதமானியைப் பக்கத்தில் வைத்தேன். இருபத்தாறு. ஐந்து வீடுகளில் இதுதான் மிகவும் காய்ந்த வீடு.

வாரம் மூன்று முறை மாவு புளிக்க வைக்கிறாராம். இரண்டு நாள் இட்லிக்கு, ஞாயிறு ஆப்பத்துக்கு. எவர்சில்வர் பாத்திரத்தில் இந்த ஊர்க் குளிருக்கு மாவு பொங்குவதில்லை, மரத்தில் தலையணை மாதிரி எழும்புகிறது என்றார். அட்டையைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் எங்க நேரம்? பொட்டியோட குப்பையில போச்சு" என்றார். கருகலுக்கும் கதை இருந்தது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை வைப்பது இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் வழக்கம். உள்ளே மாவு இருப்பது தெரியாமல் அவர் கணவர் டேனியல் அண்ணன் பீட்சா சுட ஓவனை முடுக்கிவிட்டார். டேனியல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எனக்கு மட்டன் குழம்பு பரிமாறினார். ஓரம் முறுகி நடு பஞ்சாக இருந்த ஆப்பம், தேங்காய்ப்பால், அந்தக் குழம்பு. ஆறு ஆப்பத்துக்குப் பிறகு நான் எண்ணவில்லை. பதினொரு வருடத்தில் இப்படிச் சாப்பிட்டதில்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

மாலை ஆறு மணிக்கு அங்கே திங்கட்கிழமை காலை. ஸ்டெல்லா அக்காவின் சமையலறையிலிருந்தே நத்சுகோவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். முதலில் என் அட்டையைப் பற்றிச் சொன்னேன். பதினொரு காதீர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பாத்திரத்தைக் காட்டு என்றார். நான் நல்ல பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். ஸ்டெல்லா அக்கா என் கையைத் தட்டினார்.

"கரிஞ்ச பக்கத்தயும் காட்டு மக்களே. மறச்சு என்னத்துக்கு?"

காட்டினேன். மாவுக் கறையைக் காட்டினேன். எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம், எப்படிக் கழுவுகிறார் என்று நத்சுகோ கேட்டுக்கொண்டே போனார். வெந்நீர் ஊற்றி இதை வைத்து ஒரு தேய் என்று ஸ்டெல்லா அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தேங்காய் நாரைக் கேமராவுக்கு முன் நீட்டினார். நத்சுகோ எழுந்து போனார். திரும்பி வந்து தன் கையில் இருந்ததை நீட்டினார். பனை நாரில் கட்டிய உருண்டைத் துடைப்பான். அவர் ஊரில் மரப்பாத்திரத்தை அதனால்தான் தேய்ப்பார்கள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நத்சுகோ சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். பாத்திரத்தை அனுப்பி வையுங்கள், கருகலை இழைத்து எடுத்து, புது வளையம் போட்டு, இரண்டு மாதத்தில் புதிது போலத் திருப்பி அனுப்புகிறேன். தன் செலவிலேயே. அவர் யாருக்கும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

ஸ்டெல்லா அக்கா பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா? வேண்டாம் பிள்ள. அந்தம்மாட்ட நல்ல விதமா சொல்லு. கரி இருந்தா இருந்துட்டுப் போவுது. இத அனுப்பிட்டு நான் மாவ எதுல வைக்க?"

இதை மரியாதை குறையாமல் ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது என்று தடுமாறி, கடைசியில் சொன்னபடியே சொல்லிவிட்டேன். நத்சுகோ தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். திரையில் அவர் உச்சந்தலை மட்டும் தெரியும் அளவுக்குக் குனிந்து வணங்கினார், வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் ஆர்டர் நோட்டை இழுத்துத் திறந்து பென்சிலை எடுத்தார்.

"மாவு எவ்வளவு உயரம் பொங்கும் என்று அந்த அம்மாவிடம் கேள்" என்றார். "அடுத்ததை அந்த அளவுக்குச் செய்கிறேன்."